எதை முதலில் செய்வது? பெரிய இலக்கைக் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க முடிவு செய்த வருடம், நான் முதலில் உட்கார்ந்தது, இந்தப் படிப்புக்கு ஏன் வருகிறேன் என்று பல்கலைக்கழகத்துக்கு விளக்கும், எஸ்.ஓ.பி. எனப்படும் நோக்கக் கட்டுரையை எழுதத்தான். ஒரு மாதம் அதையே திருத்தித் திருத்தி எழுதினேன். நன்றாகவும் வந்தது. பிறகு ஆங்கிலத் தேர்வுக்குப் பதிவு செய்யப் போனபோதுதான், பாஸ்போர்ட்டில் இருந்த என் பெயருக்கும் சான்றிதழில் இருந்த பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம் இருப்பது கண்ணில் பட்டது. அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் விண்ணப்பத்தின் கடைசி தேதி போய்விட்டது. ஒரு வருடம் காத்திருந்தேன். அந்த மாதம் முழுக்க இரவு பகலாக உழைத்தேன் என்பதுதான் இன்றும் வலிக்கிறது. அவ்வளவு உழைப்பும் அப்போது தேவைப்படாத இடத்தில் போய் விழுந்தது.

அதற்குப் பிறகுதான் வேலைகளை வரிசைப்படுத்துவது எப்படி என்று தேடிப் படித்தேன். தொழிற்சாலைகளும் கணினி நிரலாளர்களும் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தி வரும் முறைகள் இவை. ஒரு கட்டு அட்டையும் பேனாவும் இருந்தால் யாரும் செய்யலாம். இப்போதுதான் ஒரு பெரிய காரியத்தைக் கையில் எடுத்து, எங்கே தொடங்குவது என்று விழித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு அதே மேற்படிப்பு விண்ணப்பத்தை வைத்துக்கொள்வோம். வீடு புதுப்பிப்பதோ தொழில் தொடங்குவதோ உங்கள் இலக்காக இருந்தால் அட்டையில் எழுதுவது மாறும், முறை மாறாது.

தொடங்கும் முன் ஒன்று. "முக்கியமானதை முதலில் செய்" என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்த அறிவுரையில் உடன்பாடில்லை. என் விண்ணப்பத்தில் நோக்கக் கட்டுரை மிக முக்கியமானதுதான். ஆனால் பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்துப் பிழை என்கிற அற்ப விஷயம் அதை வெறும் காகிதமாக்கிவிட்டது. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். சித்திரம்தான் முக்கியம், ஆனாலும் சுவர்தான் முதலில். ஆகவே "எது முக்கியம்?" என்று கேட்பதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். "எது எதற்காகக் காத்திருக்கிறது?" என்று கேளுங்கள்.

இலக்குக்கு ஒரு நாள் குறியுங்கள்

"வெளிநாட்டில் படிக்க வேண்டும்" என்பது ஆசை. "செப்டம்பர் 1-ஆம் தேதி வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும்" என்பது இலக்கு. நாள் இல்லாமல் வரிசை போட முடியாது. கெடு எதுவும் இல்லாத இலக்காக இருந்தால் நீங்களே ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்ட பிறகு அது சாத்தியமில்லை என்று தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

இலக்கை ஓர் அட்டையில் எழுதி மேசையின் வலது ஓரத்தில் வையுங்கள். அதைப் பார்த்து ஒரே கேள்வி: இது நடக்க வேண்டுமானால், அதற்குச் சற்று முன் என் கையில் என்ன இருக்க வேண்டும்?

வகுப்பில் உட்கார, அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். போக, விசா வேண்டும். விசாவுக்கு, பணம் இருப்பதற்கான ஆதாரமும் சேர்க்கைக் கடிதமும் பாஸ்போர்ட்டும் வேண்டும். சேர்க்கைக் கடிதம் வர, விண்ணப்பம் போயிருக்க வேண்டும். விண்ணப்பம் அனுப்ப, தேர்வு மதிப்பெண், பரிந்துரைக் கடிதங்கள், மதிப்பெண் பட்டியல், நோக்கக் கட்டுரை எல்லாம் வேண்டும். தேர்வு எழுத, பயிற்சியும் அடையாளச் சான்றும் வேண்டும். ஒவ்வொன்றும் ஓர் அட்டை. எது எதற்கு முந்தியதோ அதிலிருந்து இதற்கு ஓர் அம்புக்குறி. நாளைக் காலையிலேயே யாருடைய தயவும் இல்லாமல் தொடங்கக்கூடிய வேலை வரும்வரை பின்னோக்கிப் போய்க்கொண்டே இருங்கள்.

முன்னோக்கி யோசித்தால் நமக்குப் பிடித்த வேலைகளும் ஏற்கெனவே தெரிந்த வேலைகளும்தான் நினைவுக்கு வரும். பின்னோக்கி வரும்போது, பிடிக்காததும் மறந்துபோனதும் தானாகவே வந்து நிற்கும். நான் பின்னோக்கி வந்திருந்தால் பாஸ்போர்ட்டை முதல் நாளே திறந்து பார்த்திருப்பேன்.

அட்டையில் எழுதும் வேலைக்கு ஒரு முடிவு இருக்க வேண்டும். "ஆங்கிலம்" என்று எழுதாதீர்கள். அது என்றைக்கும் முடியாது. "4 மாதிரித் தேர்வுகள் எழுதி, தேவையான மதிப்பெண்ணை 2 முறை தொடுவது" என்று எழுதுங்கள். முடிந்ததா இல்லையா என்று பக்கத்தில் இருப்பவர் பார்த்தாலே சொல்ல முடிய வேண்டும்.

முன்தேவையா, சாக்கா?

இந்த இடத்தில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் தேவையில்லாத அம்புக்குறிகளை நிறைய வரைந்துவிடுகிறார்கள். புதுக் காலணி வாங்கிய பிறகு நடைப்பயிற்சி. அறையை ஒழுங்குபடுத்திய பிறகு படிப்பு. நல்ல கணினி வாங்கிய பிறகு நிரல் கற்பது. ஒவ்வொரு அம்புக்குறியையும் தொட்டு இப்படிக் கேளுங்கள்: அது முடியாமல் இதைத் தொடங்கவே முடியாதா, இல்லை தொடங்க மனம் வரவில்லையா? பாஸ்போர்ட் இல்லாமல் விசா கிடையாது. அது உண்மையான முன்தேவை. பயிற்சிப் புத்தகம் வந்து சேராமல் ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதிப் பழக முடியாது என்பது சாக்கு. அந்தக் கோட்டை அழித்துவிடுங்கள்.

பாதி உண்மையான கோடுகளும் உண்டு. "கட்டுரை முடிந்த பிறகுதான் பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்க முடியும்" என்று தோன்றும். உண்மையில் அவருக்குத் தேவை, நீங்கள் எந்தப் படிப்புக்கு, ஏன் போகிறீர்கள் என்ற ஒரு பக்கச் சுருக்கம். அப்படியானால் கட்டுரை அட்டையை இரண்டாகப் பிரியுங்கள்: ஒரு பக்கச் சுருக்கம் தனியாக, முழுக் கட்டுரை தனியாக. கடிதம் கேட்பதைச் சுருக்கத்தோடு மட்டும் இணையுங்கள். பல வாரக் காத்திருப்பு இப்படிச் சின்னதாகப் பிரிப்பதிலேயே கரைந்துவிடும்.

வரிசையை எடுக்கும் முறை

இப்போது மேசை நிறைய அட்டைகளும் கோடுகளும் இருக்கும். பார்த்து மலைக்க வேண்டாம். ஒவ்வோர் அட்டையின் மூலையிலும், அதை நோக்கி எத்தனை அம்புகள் வருகின்றன என்று எழுதுங்கள். எதில் பூஜ்ஜியம் இருக்கிறதோ அதை இப்போதே தொடங்கலாம். அதை எடுத்து வரிசையில் வைத்து, அதிலிருந்து புறப்படும் அம்புகளை அடித்துவிட்டு, அவை போய்ச் சேரும் அட்டைகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறையுங்கள். புதிதாகச் சில அட்டைகள் பூஜ்ஜியத்துக்கு வரும். அவற்றை எடுங்கள். அட்டைகள் தீரும்வரை இப்படியே. ஆர்தர் கான் என்பவர் 1962-ல் வெளியிட்ட முறை இது. ஒரு மென்பொருளை நிறுவும்போது அதற்குத் தேவையான மற்ற மென்பொருள்கள் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதையும் கணினிகள் இந்த வகை முறைகளால்தான் கண்டுபிடிக்கின்றன.

சில சமயம் அட்டைகள் மிச்சம் இருக்கும், ஆனால் எதிலும் பூஜ்ஜியம் இருக்காது. எங்கோ ஒரு வட்டம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். வேலை கிடைக்க அனுபவம் வேண்டும், அனுபவத்துக்கு வேலை வேண்டும் என்பது எல்லோரும் அறிந்த வட்டம். நம் உதாரணத்தில், சேர்க்கையை உறுதிசெய்யப் பணத்துக்கு ஆதாரம் கேட்பார்கள், கடன் தரும் வங்கியோ சேர்க்கைக் கடிதம் கேட்கும். வட்டத்தை மோதி உடைக்க முடியாது. அதில் இருக்கும் ஏதாவது ஓர் அட்டையை இரண்டாகப் பிரித்தால்தான் திறக்கும். பல பல்கலைக்கழகங்கள் நிபந்தனையுடன் கூடிய சேர்க்கைக் கடிதம் தருகின்றன. பல வங்கிகள் கொள்கை அளவில் ஒப்புதல் தருகின்றன. இரண்டில் ஒன்று கிடைத்தால் போதும், மற்றது நகரும். அனுபவ வட்டத்தில் அந்தப் பிளவு, சம்பளமில்லாமல் யாருக்காவது செய்து கொடுக்கும் ஒரு சின்ன வேலையாக இருக்கலாம்.

எந்தச் சங்கிலி நீளம்?

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

1957-ல் டூபான்ட் என்ற அமெரிக்க ரசாயன நிறுவனத்தின் மோர்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் என்ற கணினி நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து ஒரு கணக்கு முறையை உருவாக்கினார்கள். தொழிற்சாலை கட்டுவது, பராமரிப்புக்காக ஆலையை நிறுத்துவது போன்ற காரியங்களில் நூற்றுக்கணக்கான வேலைகள் பின்னிக் கிடக்கும். மொத்தக் காலத்தைக் குறைக்க எல்லா வேலைகளையும் விரட்ட வேண்டியதில்லை, ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் வேலைகளின் மிக நீளமான தொடரை மட்டும் விரட்டினால் போதும் என்பதுதான் அதன் சாரம். அடுத்த வருடமே அமெரிக்கக் கடற்படை தன் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக இதேபோன்ற இன்னொரு முறையைக் கொண்டுவந்தது.

நம் அட்டைகளில் வாரக் கணக்கை எழுதிப் பார்ப்போம். இவை கணக்குக்காக நான் வைத்த எண்கள். உங்களுக்கு உரியவற்றை விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

- ஆங்கிலத் தேர்வுக்குப் பயிற்சி: 8 வாரம்
- பாஸ்போர்ட் வாங்குவது அல்லது திருத்துவது: 5 வாரம்
- தேர்வுக்குப் பதிவு செய்து எழுதி முடிவு வாங்குவது: 3 வாரம், பயிற்சியும் பாஸ்போர்ட்டும் முடிந்த பிறகு
- பரிந்துரைக் கடிதங்கள்: 4 வாரம்
- மதிப்பெண் பட்டியல் பெறுவது: 3 வாரம்
- நோக்கக் கட்டுரை: 2 வாரம்
- விண்ணப்பத்தை நிரப்பி அனுப்புவது: 1 வாரம்; மேலே உள்ள எல்லாம் முடிந்த பிறகு
- பல்கலைக்கழகத்தின் முடிவு: 8 வாரம்
- கல்விக் கடன்: 4 வாரம்
- விசா: 6 வாரம்
- பயணம்: 1 வாரம்

மொத்தமாகக் கூட்டினால் 45 வாரம். ஆனால் பல வேலைகள் ஒரே சமயத்தில் ஓடும். நீளமான தொடர் எது? பயிற்சி 8, தேர்வு 3, விண்ணப்பம் 1, முடிவு 8, கடன் 4, விசா 6, பயணம் 1. ஆக 31 வாரம். செப்டம்பர் 1-இலிருந்து 31 வாரம் பின்னால் போனால் ஜனவரி கடைசி வாரம். அதற்குள் ஆங்கிலப் பயிற்சி தொடங்கியாக வேண்டும். இந்தத் தொடரில் இல்லாத எந்த வேலையை எவ்வளவு வேகமாகச் செய்தாலும் இந்தத் தேதி அசையாது.

இனி மற்ற அட்டைகள். விண்ணப்பம் அனுப்பத் தயாராவது 11-ஆம் வார முடிவில்தான். நோக்கக் கட்டுரைக்கு 2 வாரம் போதும், ஆகவே அதற்கு 9 வாரம் கூடுதல் அவகாசம் இருக்கிறது. பரிந்துரைக் கடிதங்களுக்கு 7 வாரம். பாஸ்போர்ட் 8-ஆம் வார முடிவுக்குள் கையில் இருக்க வேண்டும், எடுப்பது 5 வாரம், அவகாசம் 3 வாரம் மட்டுமே. நான் என்ன செய்தேன்? 9 வார அவகாசம் உள்ள கட்டுரையில் 4 வாரம் மூழ்கிக் கிடந்தேன். 3 வார அவகாசம் உள்ள பாஸ்போர்ட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பயிற்சி என்ற நீளமான சங்கிலியோ தொடங்கவே இல்லை. இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று, ஏன் தோற்றேன் என்பது எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

ஒரு நுட்பம் கவனியுங்கள். பயிற்சியை 8 வாரத்திலிருந்து 4 வாரமாகக் குறைத்தால் மொத்தத்தில் 4 வாரம் மிச்சமாகும் என்று தோன்றும். ஆகாது. பாஸ்போர்ட்டுக்கு 5 வாரம் வேண்டுமே. தேர்வுக்கான நீளமான வழி இப்போது பாஸ்போர்ட் வழியாகப் போகும்: 5-உம் 3-உம் 8. மொத்தம் 28 வாரம். மிச்சமானது 3 வாரம்தான். ஒரு சங்கிலியைக் குறைக்கும்போது இன்னொன்று நீளமானதாகிவிடும். எதைக் குறைத்தாலும் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.

பிறர் கையில் இருக்கும் வேலையை முதலில் கிளப்பிவிடுங்கள்

சில வேலைகளில் உங்கள் பங்கு ஒரு மணி நேரம், பிறகு நான்கு வாரக் காத்திருப்பு. சிலவற்றில் உங்கள் பங்கு இருபது மணி நேரம், காத்திருப்பே இல்லை. இரண்டுமே இன்று தொடங்கக்கூடியவை என்றால், காத்திருப்பு நீளமாக உள்ளதை முதலில் அனுப்புங்கள். பேராசிரியருக்குக் கடிதம் எழுதிவிட்டுக் கட்டுரையில் உட்கார்ந்தால், நீங்கள் எழுதும் நேரத்தில் அவர் வேலையும் நடக்கும். மாற்றிச் செய்தால், கட்டுரைக்கு எடுத்த நாட்கள் அப்படியே காத்திருப்பின் முன்னால் சேர்ந்துகொள்ளும்.

அனுப்பியதோடு மறந்துவிடக் கூடாது. அட்டையின் பின்புறம் "எப்போது நினைவூட்டுவது" என்று ஒரு தேதியை அன்றைக்கே எழுதுங்கள். பிறர் கையில் இருக்கும் வேலை தாமதமானால் அதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொள்வோம். அதுதான் ஆபத்து.

சீக்கிரம் செய்யக் கூடாதவை

எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிப்பது நல்லது என்பதும் சரியில்லை. சில பொருள்கள் கெட்டுப்போகும். ஐஇஎல்டிஎஸ், டோஃபல் ஆகிய ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண்கள் 2 வருடம்தான் செல்லும். மேற்படிப்புக்கான தகுதித் தேர்வான ஜிஆர்இ மதிப்பெண் 5 வருடம். வங்கி இருப்புச் சான்றும் மருத்துவப் பரிசோதனையும் அதைவிடக் குறைந்த காலமே செல்லுபடியாகும். பல நாடுகள், பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக இருந்தால்தான் உள்ளே விடும். ஆகவே ஒவ்வோர் அட்டையிலும் "எப்போது முடியும்" என்பதோடு "எப்போது காலாவதியாகும்" என்பதையும் எழுதுங்கள். காலாவதி உள்ளதைத் தேவைப்படும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பொருத்துங்கள்.

திரும்பப் பெற முடியாதவையும் கடைசியில்தான் வர வேண்டும். வேலையை ராஜினாமா செய்வது, பணம் திரும்பாத பயணச்சீட்டு வாங்குவது, வீட்டைக் காலி செய்வது போன்றவை விசா கையில் வந்த பிறகு. உற்சாகத்தில் இவற்றை முதலில் செய்துவிட்டுத் தவித்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். அந்தத் தவிப்பு யாருக்கும் வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான ஒரு வகையும் உண்டு. முழுத் திட்டத்தையும் ஒரே அடியில் வீழ்த்தக்கூடிய, ஆனால் சரிபார்க்கப் பத்து நிமிடம் மட்டுமே ஆகும் விஷயங்கள். அந்தப் படிப்புக்கான குறைந்தபட்சத் தகுதி எனக்கு இருக்கிறதா? எல்லா ஆவணங்களிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா? இவற்றை, அட்டை எழுதி முடித்த அன்றைக்கே, வேறு எதையும் தொடும் முன் பாருங்கள்.

இன்றைக்கு எதை எடுப்பது?

சங்கிலிக் கணக்கு மாதங்களுக்கு உதவும். ஒரு நாளுக்குள், ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத சில்லறை வேலைகள் குவிந்தால் வேறு விதிகள் உண்டு. எல்லாம் சமமான முக்கியத்துவம் என்றால் சின்னதிலிருந்து தொடங்குங்கள். 1, 2, 5 மணி நேர வேலைகளைச் சிறியதிலிருந்து செய்தால் அவை முறையே 1, 3, 8-ஆவது மணியில் முடியும்; சராசரி 4 மணி. பெரியதிலிருந்து செய்தால் 5, 7, 8. சராசரி ஏறத்தாழ 6.7 மணி. உங்கள் பதிலுக்காக மூன்று பேர் காத்திருக்கும்போது இது பெரிய வித்தியாசம். ஒவ்வொன்றுக்கும் கெடு இருந்தால், கெடு முந்தியது முதலில். மிக மோசமான தாமதத்தைக் குறைக்க அதைவிட நல்ல வரிசை இல்லை என்று ஜேம்ஸ் ஜாக்சன் என்ற ஆய்வாளர் 1955-லேயே நிரூபித்திருக்கிறார்.

ஆனால் சில்லறை வேலைகளை முடிக்கும் திருப்தியில் நீளமான சங்கிலி பட்டினி கிடந்துவிடும். அதனால் நாளின் முதல் ஒன்றரை மணி நேரத்தை அந்தச் சங்கிலியின் அட்டைக்கே கொடுங்கள், மற்றவை பிறகு. இன்னொரு எச்சரிக்கை: காகிதத்தில் நான்கு வேலைகள் இணையாக ஓடலாம், செய்வது நீங்கள் ஒரே ஆள். ஒவ்வொரு வாரத்துக்கும் உங்கள் கையால் ஆக வேண்டிய மணி நேரங்களை மட்டும் கூட்டிப் பாருங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே வாரத்துக்கு 12 மணி நேரம்தான் கிடைக்கும், பட்டியலோ 20 கேட்கிறது என்றால், அவகாசம் அதிகம் உள்ள அட்டையைப் பின்னால் தள்ளுங்கள். கட்டுரைக்கு இருக்கும் அந்த 9 வாரம் இதற்குத்தான்.

தேதி தவறினால்

தவறும். தேர்வில் மதிப்பெண் குறையும், யாரோ கடிதம் தர மறப்பார்கள். உடனே எல்லாவற்றையும் விரட்டத் தொடங்காதீர்கள். தவறிய அட்டைக்கு அவகாசம் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பரிந்துரைக் கடிதம் 2 வாரம் தள்ளிப்போனால் 7-இல் 5 வாரம் இன்னும் இருக்கிறது; நிம்மதியாகத் தூங்கலாம். தவறியது நீளமான சங்கிலியில் உள்ள அட்டை என்றால், அதற்குப் பிறகு வரும் அட்டைகளில் எதைப் பிரிக்கலாம், எதை முன்பே தொடங்கி வைக்கலாம் என்று பாருங்கள். தேர்வு முடிவு 2 வாரம் தாமதம் என்றால், வங்கி கேட்கும் ஆவணங்களை அந்த இடைவெளியிலேயே திரட்டி வைத்துக் கடனுக்கான 4 வாரத்தை 2 ஆக்க முடியுமா என்று கேளுங்கள்.

வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், அட்டைகளின் முன் கால் மணி நேரம் உட்காருங்கள். முடிந்தவற்றை எடுத்துவிடுங்கள். புதிதாகப் பூஜ்ஜியம் ஆனவை எவை, நினைவூட்ட வேண்டியவர்கள் யார், நீளமான சங்கிலி இடம் மாறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டாவது வருடம் என் அட்டைகளில் முதலாவதாகப் பூஜ்ஜியம் ஆனது, பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் சான்றிதழையும் அருகருகே வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுவது. பத்து நிமிடம் ஆனது. அந்த அட்டையை எடுத்து வைத்துவிட்டுத்தான் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்தேன்.